யாருடைய பறவை?

வான்கோழிக்குப் போகிற இடமெல்லாம் வேறு யாருடைய ஊர்ப் பெயரோதான் கிடைத்திருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை ‘ஆயாம் பெலாண்டா’ என்கிறார்கள். டச்சுக்கோழி என்று பொருள். ஆங்கிலேயர்கள் துருக்கி நாட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். துருக்கியில் போய்க் கேட்டால் ‘ஹிந்தி’ என்பார்கள், அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. போர்த்துகீசியருக்கு அது ‘பெரு’. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிறார்கள். சரியான வீட்டை ஒருவரும் காட்டவில்லை. அதன் வீடு வட அமெரிக்கா.

தமிழில் இன்னும் சுவாரசியம். மூதுரையில் மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்த வான்கோழியை நாம் எல்லோரும் ஆறாம் வகுப்புக்குள் சந்தித்திருப்போம். நாம் மனதில் பார்த்தது தொண்டையில் சிவப்புச் சதை தொங்கும் பறவையைத்தான். ஆனால் காலக்கணக்கு ஒத்துவராது. மூதுரை ஔவையாரைப் பொதுவாகச் சோழர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார்கள். அமெரிக்க வான்கோழி கடல் கடந்ததோ 16-ஆம் நூற்றாண்டில். 1612-இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த ஒரு வான்கோழியைப் பார்த்து ஜஹாங்கீர் வியந்துபோய், தன் ஓவியர் மன்சூரை அழைத்து வரையச் சொன்னார். பேரரசருக்கே அது அன்று புதுப் பறவை. அப்படியென்றால் ஔவையின் வான்கோழி வேறொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும். பழைய பெயரைப் புதிய பறவைக்குப் போட்டு, பிறகு அந்தப் பழைய பறவையை மறந்துவிட்டோம்.

இந்தக் கட்டுரை அந்தப் புதிய பறவையைப் பற்றியது. பண்ணையில் வளர்ந்து கிறிஸ்மஸ் மேசைக்கு வருகிற வெள்ளை இறகுக்காரனைப் பற்றி அல்ல, அமெரிக்கக் காட்டில் இன்றும் மரத்தின்மேல் உறங்குகிற அதன் காட்டுச் சொந்தத்தைப் பற்றி. ஒரு நாடு அதை ஏறக்குறைய தின்றே தீர்த்து, பிறகு திரும்பக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பான்மையினர் அதைச் சுடுகிறவர்கள். எனக்கு இந்தக் கதை தொண்டையில் முள்ளாகச் சிக்கியதற்கு அதுதான் காரணம்.

இதில் எனக்கென்ன வேலை?

நான் வேட்டைக்காரன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு, தொழிற்சாலையில் சோதனைக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவன். வேலை விஷயமாக ஒரு வசந்த காலத்தில் மூன்று மாதம் மிசூரி மாநிலத்தில் இருந்தேன். அங்கே என்னோடு வேலை செய்த ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த வருடம்தான் முதன்முதலாக வான்கோழி வேட்டை கற்றுக்கொண்டிருந்தார். “சும்மா கூட வா. துப்பாக்கி என்னிடம். உன் வேலை வாயை மூடிக்கிட்டு உட்கார்றது மட்டும்தான்” என்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி காடு கிடையாது. எங்கே சுடப் போகிறீர்கள் என்று கேட்டேன். “பொது நிலத்தில்” என்றார், ஏதோ பேருந்து நிலையத்தில் என்று சொல்கிற மாதிரி.

தோட்டத்தில் பிறந்த அப்பாவின் மகனுக்கு அது உடனே பிடிபடவில்லை. எங்கள் குடும்பத்தின் நினைவில் நிலம் என்றால் கம்பெனி நிலம். லயம் கம்பெனியுடையது, பால்மரம் கம்பெனியுடையது, மரத்தடியில் விழுந்த விறகுக்குக்கூட கிராணியின் கண் பார்வை வேண்டும். வரிக்குப் பின்னால் தொடங்குகிற காட்டிலிருந்து பன்றி வரும், காட்டுக்கோழி வரும். அவை யாருடையவை என்று எவரும் கேட்டதில்லை, பிடித்தவனுடையது, அவ்வளவுதான். யாரும் பணம் கொடுத்து வாங்காத காட்டில், யாரும் வளர்க்காத பறவையை, சட்டப்படி ஒரு சம்பளக்காரன் தேடிப்போகலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அரசனின் மான், மக்களின் சிப்பி

இங்கிலாந்தில் நெடுங்காலம் காட்டு விலங்கு அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. ஏழை ஒருவன் மானைக் கொன்றால் அது திருட்டை விடப் பெரிய குற்றம். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அந்த ஏற்பாட்டைக் கையோடு கொண்டுவர விரும்பவில்லை. ஆனால் அரசன் இல்லையென்றால் விலங்கு யாருடையது? இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது ஒரு சிப்பியை முன்னிட்டு. நியூ ஜெர்சியின் ராரிடன் ஆற்றுச் சிப்பிப் படுகை தன் சொத்து என்று ஒருவர் வழக்காடினார். 1842-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் (மார்ட்டின் எதிர் வாடெல் வழக்கு), அந்த நீருக்கடி நிலம் மக்களின் பொருட்டு மாநிலத்திடம் இருக்கிறது, தனியாருக்கு உரிமையில்லை என்றது. 1896-இல் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் இதே கருத்து வேட்டைப் பறவைகளுக்கும் விரிந்தது. மாநிலமே ‘உரிமையாளர்’ என்ற வாதத்தை 1979-இல் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது. என்றாலும் மக்களுக்காகக் காத்து நிர்வகிக்கும் பொறுப்பு மாநிலங்களிடமே நின்றுவிட்டது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் சொந்தம் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டு புரிந்துகொண்ட பொருள், முந்திக்கொண்டவனுக்குச் சொந்தம் என்பதுதான். காட்டை வெட்டி விவசாயம் செய்தார்கள். ரயில் வந்தது. காட்டுப் பறவையைச் சுட்டு நகரச் சந்தைக்கு அனுப்புவதையே தொழிலாகச் செய்தவர்கள் வந்தார்கள். குளிர்காலத்தில் கூட்டமாக அடையும் பறவைகளை மரத்திலிருந்தே சுட்டு வீழ்த்தினார்கள். கனெக்டிகட்டில் கடைசி வான்கோழி காணப்பட்டது 1813-இல். மசாசூசெட்ஸில் 1851-இல். 1920 வாக்கில், முன்பு அவை வாழ்ந்த 39 மாநிலங்களில் 18-இல் ஒன்றுகூட மிச்சமில்லை. எஞ்சியவை மனிதன் எளிதில் போக முடியாத சதுப்புகளிலும் மலை மடிப்புகளிலும் ஒளிந்துகொண்டவை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வான்கோழியைத் தேசியச் சின்னமாக்கச் சொன்னார் என்று ஒரு கதை உலவும். அவர் அப்படி முன்மொழியவில்லை. 1784-இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகை விட வான்கோழி மரியாதைக்குரிய பறவை, இந்த மண்ணுக்கே உரியது என்று பாதி விளையாட்டாக எழுதினார், அவ்வளவே. ஆடுபான் தன் புகழ்பெற்ற பறவை ஓவியத் தொகுப்பின் முதல் தட்டில் வரைந்ததும் காட்டு வான்கோழியைத்தான். புகழுக்குக் குறைவே இல்லை. புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். ‘பொது நிலம்’ முன்பு வெற்று நிலமாக இருந்ததில்லை. மிசூரியின் பெரும்பகுதி ஒசேஜ் மக்களுடையது. 1808, 1825 ஒப்பந்தங்களில் அது அவர்களிடமிருந்து பெறப்பட்டது. வான்கோழியின் சிறகெலும்பைக் குடைந்து ஊதலாக்கி அதன் குரலிலேயே அதை அழைக்கும் கலையும் பூர்வகுடிகளிடமிருந்து வந்ததுதான். இன்று கடையில் விற்கும் ஊதல்களுக்கு அதுதான் மூத்தது. பொதுவாக்கப்பட்டது முதலில் பறிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

யாருக்கும் வேண்டாத காடு

பறவை திரும்ப வர முதலில் காடு வேண்டும். அந்தக் காடு வந்த வழி கொஞ்சம் விநோதமானது.

மேற்கு அமெரிக்காவில் மத்திய அரசிடம் ஏற்கெனவே நிறைய நிலம் இருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் அப்படியில்லை, பெரும்பாலும் தனியாருடையது. 1911-இல் வந்த வீக்ஸ் சட்டம் அங்கே நிலத்தை விலை கொடுத்து வாங்க மத்திய அரசுக்கு வழி செய்தது. விற்க முன்வந்தவர்கள் யார்? மரமெல்லாம் வெட்டி முடித்த கம்பெனிகள். பிறகு 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மண் செத்துப்போன பண்ணைகளை விட்டுக் கிளம்பியவர்கள். மொட்டையடித்த, சாரம் போன, வரிகூடக் கட்ட முடியாத நிலம். தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் தேசியக் காடு 1936-இல் உருவானது. மிசூரியின் மார்க் ட்வெயின் தேசியக் காடு 1939-இல். இன்று நாடு முழுக்கத் தேசியக் காடுகளும் புல்வெளிகளும் சேர்ந்து ஏறக்குறைய 193 மில்லியன் ஏக்கர். அதில் கிழக்குப் பகுதிக் காடுகள் பலவும் ஒருகாலத்தில் ‘இனி எதற்கும் ஆகாது’ என்று கைவிடப்பட்டவை.

மரம் முப்பது நாற்பது வருடத்தில் மெல்ல எழுந்தது. ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்க ஆரம்பித்தன. சாப்பாடு தயார். சாப்பிடத்தான் ஆளில்லை.

கூண்டிலிருந்து வந்த தோல்வி

இந்த இடத்தில் ஒரு பொறியாளனுக்கு உடனே தோன்றுவது என்ன? உற்பத்தி பண்ணு. முட்டையை எடு, பொரிக்கருவியில் வை, குஞ்சை வளர்த்துக் காட்டில் விடு. மாநில வனவிலங்குத் துறைகளுக்கும் அதேதான் தோன்றியது. பல மாநிலங்கள் பல பத்தாண்டுகள் பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டன. எண்ணிக்கை காட்ட எளிது, படம் எடுக்க எளிது, வாக்காளருக்கும் சந்தோஷம்.

அந்தப் பறவைகள் செத்துப்போயின. நரியைக் கண்டு ஓடத் தெரியவில்லை. மனிதனைக் கண்டால் தீனி தருவான் என்று பக்கத்தில் வந்தன. எங்கே அடைவது, எந்தக் குரலுக்கு உறைந்து நிற்பது என்றெல்லாம் சொல்லித்தரத் தாய் இல்லை. காட்டு வான்கோழிக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் வரை மரத்துக்குப் பறக்க முடியாது. அத்தனை நாளும் தரையில், தாயின் சிறகுக்கடியில்தான். அந்த நாட்களில் தாயின் ஒவ்வொரு குரலும் பாடம். பொரிக்கருவிக்கு அந்தப் பாடம் தெரியாது.

பாடம் மட்டும்தானா குறை? ஆல்டோ லியோபோல்டின் மகன் ஸ்டார்க்கர் லியோபோல்ட் மிசூரியில் இதை ஆராய்ந்து 1944-இல் வெளியிட்டார். காட்டு வான்கோழியையும் பண்ணைக் கலப்பினத்தையும் ஒப்பிட்டால் காட்டுப் பறவையின் மூளையும், பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளும் உடல் அளவுக்கு ஒப்பப் பெரிதாக இருந்தன. காட்டுத்தன்மை என்பது பழக்கம் மட்டுமில்லை, பரம்பரையாக இறங்கி வருவதும்கூட என்றார். அப்படிப் பார்த்தால் பண்ணைப் பறவையைக் காட்டில் விடுவதால் பயனில்லை என்பதோடு முடியவில்லை. எஞ்சியிருக்கும் காட்டுப் பறவையோடு அது கலந்தால், இருப்பதும் கெட்டுப்போகும். ஆய்வு வந்த பிறகும் பல மாநிலங்கள் பண்ணை முறையை உடனே விடவில்லை. எண்ணிக்கை காட்டுகிற திட்டத்தை நிறுத்துவது எங்கேயும் சுலபமில்லை.

பீரங்கியும் வலையும்

அப்போது மிச்சமிருந்த வழி ஒன்றே: உண்மையான காட்டுப் பறவையைப் பிடித்து, பறவையில்லாத காட்டில் விடுவது. ஆனால் பிடிப்பது எப்படி? அதன் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். பழைய கூண்டுப் பொறிகளில் எப்போதாவது சில சிக்கும்.

விடை வேறொரு பறவையிடமிருந்து வந்தது. 1940-களின் இறுதியில், நீர்ப்பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டுவதற்காக மிசூரியின் ஸ்வான் லேக் சரணாலயத்தில் பீரங்கி வலை என்ற ஒன்றை உருவாக்கினார்கள். தரையில் வலையை மடித்து மறைத்து வைப்பார்கள். அதன் முன்விளிம்பில் எடைகள். அந்த எடைகள் சின்னச் சின்னக் குழாய்ப் பீரங்கிகளுக்குள் இருக்கும். முன்னால் சோளம் தூவப்பட்டிருக்கும். பறவைகள் தலை குனிந்து கொத்தும்போது, மறைவிடத்தில் இருப்பவர் மின்சுற்றை இணைப்பார். ஒரு வெடி. வலை பறவைகளுக்கு மேலே பாய்ந்து மூடிவிடும். 1951-இல் ஹெர்மன் ஹோல்புரூக் என்ற உயிரியலாளர் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் இதைக் கொண்டு காட்டு வான்கோழிகளைப் பிடித்துக் காட்டினார். வான்கோழியைத் தீர்த்ததும் வெடிமருந்துதான், மீட்டதும் வெடிமருந்துதான்.

அதன் பிறகு நடந்ததைக் கணக்காகப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். 1969, 70 குளிர்காலங்களில் நியூயார்க் மாநிலத்தில் பிடித்த 31 பறவைகளை வெர்மாண்டில் விட்டார்கள். 1972, 73-இல் 37 பறவைகள் மசாசூசெட்ஸின் பெர்க்‌ஷயர் மலைக்குப் போயின. முப்பத்தேழே முப்பத்தேழு. இன்று மசாசூசெட்ஸில் 30,000-க்கு மேல் இருப்பதாக மாநிலம் சொல்கிறது. பாஸ்டன் புறநகரில் அவை சாலையை மறித்து நின்று தபால்காரரைத் துரத்துகின்றன. மாநிலங்களுக்குள் பண்டமாற்றும் நடந்தது. மிசூரி வான்கோழி கொடுத்து, பதிலுக்குக் காட்டுக் கௌதாரி இனப் பறவைகளை இந்தியானாவிலிருந்து வாங்கிக்கொண்டது. மிசூரியில் 1960-இல் மீண்டும் வசந்தகால வேட்டை திறக்கப்பட்டபோது சுடப்பட்டவை 94 பறவைகள். இன்று அலாஸ்கா தவிர 49 மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு. மொத்தம் ஏறக்குறைய ஆறு மில்லியன். அவற்றில் சில மாநிலங்கள் அதன் பூர்வீக எல்லைக்கே வெளியே இருப்பவை.

காசு எங்கிருந்து வந்தது?

வலை, லாரி, உயிரியலாளரின் சம்பளம், நிலம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 1937-இல் பிட்மேன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. நெவாடா செனட்டர் ஒருவர், வர்ஜினியா உறுப்பினர் ஒருவர் ஆகியோரின் பெயர் தாங்கிய அந்தச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நீண்ட துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் உற்பத்தியாளரிடம் வசூலிக்கும் வரி முழுக்க வனவிலங்கு மீட்புக்கே போக வேண்டும் என்றது அது. பணத்தைப் பங்கிடும் சூத்திரம் எளிமையானது. பாதி மாநிலத்தின் பரப்பளவைப் பொறுத்து, பாதி அங்கே உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. ஒரு திட்டத்தின் செலவில் முக்கால் பங்கை மத்திய நிதி தரும், கால் பங்கை மாநிலம் போட வேண்டும்.

அதில் நான் மிகவும் ரசித்தது ஒரு நிபந்தனையை. வேட்டை உரிமக் கட்டணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறெதற்கும் திருப்பிவிட்டால், அந்த மாநிலத்துக்கு இந்த நிதி கிடைக்காது. பாலம் கட்டவோ பொங்கல் விழா நடத்தவோ அந்தப் பணத்தைத் தொட முடியாது. எண்பது வருடத்துக்கு மேல் அந்தப் பூட்டு திறக்கவில்லை. நல்ல எண்ணம் உள்ளவர்கள் எப்போதும் பதவியில் இருப்பார்கள் என்று நம்பாமல் எழுதிய சட்டம் அது.

1973-இல் வான்கோழி வேட்டைக்காரர்களே தங்களுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பையும் தொடங்கினார்கள். அப்போது நாட்டில் இருந்த பறவைகள் ஏறக்குறைய ஒன்றரை மில்லியனுக்குள்தான்.

தொடக்கக்காரனின் காடு

இப்போது என் சக ஊழியரின் கதைக்கு வருகிறேன். மேலே சொன்ன சட்டமும் வலையும் வரியும் ஒரு தொடக்கக்காரனின் காலடியில் எப்படி வந்து நிற்கின்றன என்பதை அங்கேதான் பார்த்தேன்.

அவர் முதலில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். பிறகு உரிமம். வசந்தத்தில் ஆண் பறவையை மட்டும், அல்லது நெஞ்சில் ‘தாடி’ தெரிகிற பறவையை மட்டும் சுடலாம். குதிரைவால் முடி போல நெஞ்சிலிருந்து தொங்குவதைத்தான் தாடி என்கிறார்கள். இந்த விதிக்குப் பின்னால் ஓர் உயிரியல் கணக்கு இருக்கிறது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். கூடல் முடிந்து பெட்டைகள் முட்டையில் அமரத் தொடங்கும் காலத்தில் சேவல்களில் கொஞ்சம் குறைந்தால் அடுத்த தலைமுறை பெரிதாகப் பாதிக்கப்படாது. பத்துப் பன்னிரண்டு முட்டையோடு 28 நாள் தரையில் அமர்ந்திருக்கும் பெட்டைதான் முதல்.

வேட்டை நாளுக்கு முன்பே நான்கு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சும்மா நடந்தோம். வேட்டையில் முக்கால்வாசி இதுதான் என்றார். வரைபடத்தில் சாலையிலிருந்து தள்ளியிருக்கும் மேடுகளைக் குறித்துக்கொள்வது. வாகனம் போக முடியாமல் கதவு பூட்டிய காட்டுப்பாதைகளில் நடப்பது. பொது நிலத்தில் பெரும்பாலானோர் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அதிக தூரம் போவதில்லை, பறவைக்கும் அது தெரியும். தரையில் இலைகள் ஒரு பக்கமாகக் கீறித் தள்ளப்பட்டிருந்தால் அங்கே கூட்டம் மேய்ந்திருக்கிறது. எச்சம் ‘ஜ’-வின் வால் போல நீண்டு வளைந்திருந்தால் சேவல், உருண்டு சுருண்டிருந்தால் பெட்டை. மண்ணில் காலடித் தடத்தின் இருபுறமும் கோடு இழுத்தது போல இருந்தால், சேவல் சிறகைத் தரையில் உரசிக்கொண்டு ஆடியிருக்கிறது. புழுதிக் குளியல் போட்ட குழிகள். மரத்தடியில் எச்சக் குவியல் இருந்தால் மேலே அடைகிற மரம்.

ஐந்தாவது வாரம், ஏப்ரல் மாதம், இருட்டிலேயே ஒரு மேட்டில் போய் நின்றோம். அவர் வாயைக் குவித்து ஆந்தை மாதிரி கத்தினார். ஆந்தைக் குரல் கேட்டால் அடைந்திருக்கும் சேவல் தன்னை மறந்து பதிலுக்குக் கத்திவிடும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய தந்திரம். முதலில் ஒன்றுமில்லை. இரண்டாம் முறை, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பானைக்குள்ளிருந்து கூழாங்கற்களைப் படியில் உருட்டிவிட்டது மாதிரி. பண்ணை வான்கோழியின் குரலை நான் கேட்டிருக்கிறேன். அது இதன் எதிரொலி மட்டுமே.

ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். உட்கார்வதிலும் விதி உண்டு. தோளை விட அகலமான மரமாக இருக்க வேண்டும். உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் எங்கேயும் தெரியக்கூடாது, சேவலின் தலை நிறம் அதுதான். இன்னொரு வான்கோழிக் குரல் கேட்டால் அதை நோக்கிப் பதுங்கிப் போகவே கூடாது, அது ஊதலோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதனாக இருக்கலாம். காடு பொது என்றால் ஆபத்தும் பொது. வேறு ஆள் தென்பட்டால் கையசைக்காமல், உரத்த மனிதக் குரலில் பேசிவிட வேண்டும்.

அவர் ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்பினார். 1897-இல் ஆர்கன்சாஸ்காரர் ஒருவர் காப்புரிமை பெற்ற வடிவம் அது, இன்றும் பெரிதாக மாறவில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடி வரும். வேட்டைக்காரன் சேவலை வரச்சொல்லிக் கேட்கிறான். முறையைத் தலைகீழாக்கப் பார்க்கிறான். அதனால்தான் பெரும்பாலும் அது வருவதில்லை.

அன்றும் முழுதாக வரவில்லை. ஐம்பது மீட்டர் போல வந்து, மரங்களுக்கு இடையே விசிறியை விரித்து நின்றது. காலை வெயிலில் அந்தக் கருப்பு இறகு செம்பாகவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னியது. நம் வாத்தியார்கள் கிண்டல் பண்ணின ‘பொல்லாச் சிறகு’ இது இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் சுடவில்லை. தூரம் அதிகம், காயப்பட்டு ஓடிவிட்டால் பாவம் என்றார் பிறகு. அது திரும்பி, அவசரமே இல்லாமல், மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. சுட்டிருந்தால் நான் அன்று என்ன நினைத்திருப்பேன் என்பது வேறு விஷயம். வாரம் மூன்று நாள் கோழிக்கறி சாப்பிடுகிறவனுக்கு அதில் பெரிதாக உபதேசம் செய்ய உரிமையில்லை.

முடியாத கணக்கு

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட எண்ணிக்கை, தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் குறைந்துகொண்டிருக்கிறது. குஞ்சுகள் பிழைப்பது குறைவு. வேட்டைப் பருவத்தைச் சில மாநிலங்கள் தள்ளியும் சுருக்கியும் வைத்திருக்கின்றன. இன்னொரு பக்கம், அமெரிக்கர்களில் வேட்டையாடுவோரின் விகிதம் சரிந்துவிட்டது. இன்று அந்த வரியில் பெரும்பங்கு, காட்டுக்கே போகாதவர்கள் வாங்கும் துப்பாக்கியிலிருந்தும் தோட்டாவிலிருந்தும் வருகிறது. கைத்துப்பாக்கி மீதும் 1970-இலிருந்து இந்த வரிக்கணக்கில் 10 விழுக்காடு சேர்ந்தது. நாட்டில் துப்பாக்கி விற்பனை கூடினால் காட்டுக்கு நிதி கூடுகிறது. அந்த நாட்டின் செய்திகளைப் படிக்கிற எவருக்கும் இது நெருடத்தான் செய்யும். கொல்கிறவர்களின் காசை நம்பி நிற்கும் பாதுகாப்பு, அவர்கள் குறைந்தால் எதை நம்பி நிற்கும்? பறவையைப் பார்க்க மட்டும் போகிற என்னைப் போன்றவர்கள் அந்தக் காட்டுக்கு என்ன கட்டினோம்?

பறிக்கப்பட்டவர்களின் கணக்கும் திறந்திருக்கிறது. 1983-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், விஸ்கான்சினில் ஒஜிப்வே மக்கள் 19-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, அதில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. பொது என்ற சொல்லுக்குள் முன்பிருந்தவர்களுக்கும் இடம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது. படகுத்துறைகளில் அவர்களை எதிர்த்துக் கூட்டம் கூடியதும் அதே எண்பதுகளில்தான்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. உலகத்திலுள்ள வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை, நம் காட்டோரத்தில் இன்னும் கூவிக்கொண்டிருக்கும் செங்காட்டுக்கோழி. உபினிலும் தீபகற்பத்துச் செம்பனைத் தோட்ட ஓரங்களிலும் அதைப் பார்க்கலாம். அதை யாரும் சுட்டுத் தீர்க்கவில்லை. அதற்கு வந்திருக்கும் ஆபத்து சத்தமில்லாதது: வீட்டுக்கோழியோடு கலந்து கலந்து, பார்க்க அப்படியே இருந்துகொண்டு, உள்ளே காட்டுத்தன்மையை இழப்பது. ஸ்டார்க்கர் லியோபோல்ட் எண்பது வருடங்களுக்கு முன் மிசூரியில் எச்சரித்த அதே கலப்பு. காட்டுக்கோழியின் மரபணுவுக்குள் வீட்டுக்கோழி நுழைவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வான்கோழியை மீட்க முடிந்ததற்குக் காரணம் பணமோ பீரங்கி வலையோ மட்டுமில்லை. ஏதோ ஒரு சதுப்பில், யாரும் கவனிக்காத ஒரு மடிப்பில், கலக்காத சில நூறு பறவைகள் தம் குஞ்சுகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தன. அவை இல்லையென்றால் வலையை எதன்மேல் வீசியிருப்பார்கள்? எண்ணிக்கையை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். கடைசித் தாய்ப்பறவை போய்விட்டால் குஞ்சுக்குச் சொல்லித்தர ஆளில்லை. தோட்ட ஓரத்தில் விடிகாலையில் கூவுகிற அந்தக் கோழி யாருடையது என்று நம் பக்கத்தில் இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு இது நல்ல நேரம். அது இன்னும் கூவிக்கொண்டுதான் இருக்கிறது.